இறங்காமல் திரும்புவதும் திறமையே



சென்ற திங்கள் இப்பகுதியில், நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தமிழெழுத்துக் கற்பிக்கும் முறை பற்றி எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இவ்விதழில் வரும் என்றும் கூறியிருந்தேன். அதனை அடுத்த திங்களுக்கு ஒத்திவைத்துவிட்டு, வேறொரு பொருளைப் பற்றி எழுத வேண்டியவனாகின்றேன். அதற்குரிய காரணத்தை முதலிற் கூறிவிடுவதே முறை.

கடந்த மார்கழியில், குடுபல்லியில் வாழும் நம் சங்க அன்பர் ஒருவர், தம் தாயார் கவலைக்கிடமாக இருப்பதாக ஊரிலிருந்து செய்தி வரவே, கிடைத்த முதல் வண்டியிற் புறப்பட்டார். சேலத்துக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூர் அவருடைய சொந்த ஊர். வழியெங்கும் மூடுபனி. வண்டி ஊர்ந்து ஊர்ந்து ஜோலார்பேட்டையை அடைந்தபோது, அங்கே அவர் மாறி ஏற வேண்டிய வண்டி போய்விட்டது. அடுத்த வண்டிக்குக் காத்திருந்து, ஒருவாறு வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரியங்கள் முடிந்து திரும்பிய அன்பர் நேரே என்னிடம் வந்தார். "ஐயா, நீங்கள் ரயில்வேயில் இருப்பவர். எனக்கு ஒன்று சொல்லுங்கள். தண்டவாளம் எங்கேயும் போய்விடவில்லை. வண்டி அதன்மேலேதான் ஓடுகிறது. பனி பெய்தால் என்ன? இரண்டு மணி நேரம் முன்னதாகச் சேர்ந்திருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பேனே!" என்றார். பயணச்சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தாவாகிய நான் என்ன விடை கூறுவேன்? "பொறுத்துக்கொள்ளுங்கள், அண்ணா" என்றேன். அது விடையன்று என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றுமுதல் அக்கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்கு விடை தேடியபோது, நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு துயர நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. வீட்டுப் பெரியவர்கள் அதனைப் பற்றிப் பேசச் சிறு வயதில் கேட்டிருக்கின்றேன். அது ரயில் விபத்தன்று, விமான விபத்து. ஆயினும் அன்பர் கேட்ட கேள்விக்கு அதில் விடை இருக்கின்றது என்று கருதி, அதனை இங்கு எடுத்துரைக்கின்றேன்.

1973-ஆம் ஆண்டு மே 31, வியாழக்கிழமை. அந்நாளைய இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான போயிங் 737 விமானம் ஒன்று சென்னையிலிருந்து டில்லிக்குப் புறப்பட்டது. அதன் பயண எண் 440. 'சாரங்கா' என்பது அவ்விமானத்துக்கு இட்டிருந்த பெயர். பயணிகளும் பணியாளர்களுமாக 65 பேர் அதில் இருந்தனர். இரவு வேளையில் அது டில்லியின் பாலம் விமான நிலையத்தை நெருங்கியபோது, அங்கே புழுதிப் புயல் வீசிக்கொண்டிருந்தது, மழையும் சேர்ந்துகொண்டது. கோடையின் கடுமை மிகுந்த மே, ஜூன் திங்கள்களில் வடநாட்டில் இத்தகைய புயல் எழுவது வழக்கம். சில நிமிடங்களுக்குள் காற்று திசை மாறும். புழுதி எழுந்து வானை மூடும். எதிரில் நிற்பவர் முகமும் தெரியாமற் போகும்.

தரையிறங்குவதற்குத் தேவையான பார்வைத் தூரம் அவ்வேளையில் அங்கே இல்லை. குறித்த அளவுக்கும் அது குறைந்திருந்தது. எனினும் விமானம் இறங்கிக்கொண்டே வந்தது. இறங்க வேண்டிய பாதையினும் தாழ்ந்து, நிலையத்துக்கு அண்மையில் சென்ற உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதிற்று. தரையில் விழுந்து தீப்பற்றிற்று. 65 பேரில் 48 பேர் மாண்டனர். 17 பேர் உயிர் பிழைத்தனர்.

மாண்டவருள் தமிழகம் நன்கறிந்த இருவர் இருந்தனர். ஒருவர், அப்போது மத்திய அரசில் எஃகு, சுரங்கத் துறை அமைச்சராக இருந்த மோகன் குமாரமங்கலம். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1926 முதல் 1930 வரை இருந்த டாக்டர் ப. சுப்பராயனின் மைந்தர், புதுச்சேரித் தொகுதியிலிருந்து 1971-இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்களை அரசுடைமையாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அப்பணி 1973 மே முதல் நாளன்று நிறைவுற்றது. அதே திங்களின் இறுதி நாளன்று அவர் வாழ்வும் முடிந்தது. மற்றொருவர், கோவைத் தொகுதியின் மக்களவை உறுப்பினரும் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர்களுள் ஒருவருமான கே. பாலதண்டாயுதம். பஞ்சாபின் முன்னாள் முதலமைச்சர் குர்னாம் சிங் அவர்களும், கேரளத்தைச் சேர்ந்த முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் தேவகி கோபிதாஸ் அம்மையாரும் அவ்விபத்தில் உயிர் துறந்தனர்.

பாலதண்டாயுதம் மறைவால் காலியான கோவைத் தொகுதிக்கு 1974-இல் இடைத்தேர்தல் நடந்தது. அதில் வென்றவர் பார்வதி கிருஷ்ணன். மோகன் குமாரமங்கலத்தின் உடன்பிறந்த சகோதரி. ஒரே விமானத்தில் மாண்ட இருவருள், ஒருவர் விட்டுச்சென்ற இடத்துக்கு மற்றவரின் தங்கை வந்து அமர நேர்ந்தது. செய்தித்தாளில் ஒரு வரியாக வரும் இச்செய்திக்குப் பின்னால் எத்தனை வீடுகளின் அழுகை இருக்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். பெயர் தெரிந்த சிலரை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கின்றோம். ஏனையோர் வீடுகளிலும் அன்றிரவு யாரோ வழிபார்த்துக் காத்திருந்திருப்பார்கள் அன்றோ?

இனி, இது எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பார்ப்போம். விமான சாத்திரம் கற்றவனல்லேன் நான். படித்தறிந்ததை எளிய முறையிற் கூறுகின்றேன்.

கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது விமானி கருவிகளின் துணைகொண்டு இறங்குகின்றார். அன்று பாலத்தில் அவ்விமானம் பின்பற்றிய முறை, தரையிலுள்ள வானொலி விளக்கம் ஒன்றை நோக்கி வரும் முறையாகும். அங்கிருந்து எழும் வானொலி அலையை விமானத்திலுள்ள முள் காட்டும். அம்முள் திசையை மட்டுமே காட்டும். எவ்வளவு உயரத்தில் வரவேண்டும் என்பதைக் காட்டாது. இருட்டில் வயல்வெளியிற் செல்பவனுக்குக் கோவில் மணியோசை கேட்பதைப் போன்றது இது. கோவில் எந்தப் பக்கம் என்பது அவனுக்குத் தெரியும். வழியில் உள்ள கிணறு தெரியாது. இதனினும் சிறந்த முறை ஒன்று அக்காலத்திலேயே உண்டு. அதில் திசையுடன், இறங்க வேண்டிய சரிவையும் வானொலி அலைகளே காட்டும்.

சரிவைக் காட்டாத முறையில் விமானிக்குக் காவலாக இருப்பது ஒரே ஒரு எண்தான். 'இந்த உயரம்வரை இறங்கலாம்; ஓடுபாதையோ அதன் விளக்கோ கண்ணுக்குத் தெரியாதவரை இதற்குக் கீழே ஓர் அடியும் இறங்கக் கூடாது' என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் உயரம் வகுக்கப்பட்டிருக்கின்றது. சுற்றிலுமுள்ள குன்று, கட்டடம், கோபுரம், மின்கம்பம் எல்லாவற்றையும் அளந்து பார்த்து வகுத்த எண் அது. குறித்த இடம் வரும்வரை அந்த உயரத்திலேயே செல்ல வேண்டும். அதற்குள் ஓடுபாதை தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். இதுதான் விதி.

இவ்வளவு எளிதான விதி எவ்வாறு மீறப்படுகின்றது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு கணக்குச் சொல்கின்றேன். இறங்கும் வேளையில் இத்தகைய விமானம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் முன்னே பாய்கின்றது. ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 அடி கீழே வருகின்றது. ஆகவே, அனுமதித்த உயரத்துக்குக் கீழே 200 அடி இறங்கிவிட 20 நொடிகூட வேண்டியதில்லை. 'இதோ தெரிந்துவிடும், இன்னும் சற்றே இறங்கினால் விளக்குத் தெரிந்துவிடும்' என்று மனம் ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள் அத்தூரம் கடந்து போகின்றது. பின்னே திரும்புவதற்கு நேரம் இருப்பதில்லை.

பாலத்தில் நேர்ந்தது அங்கே மட்டும் நேர்ந்ததன்று. அடுத்த ஆண்டு, 1974 டிசம்பர் முதல் நாளன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் நகருக்கு அண்மையிலுள்ள டல்லஸ் விமான நிலையத்தை மோசமான வானிலையில் நெருங்கிய டி.டபிள்யு.ஏ. விமானம், முன்னதாகவே தாழ இறங்கி மலையில் மோதிற்று. அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். தரை நெருங்கும்போது விமானத்துக்குள்ளேயே உரக்கக் குரல் கொடுத்து எச்சரிக்கும் கருவி அதற்கு முன்பே உருவாகியிருந்தது. டான் பேட்மன் என்னும் பொறியாளர் அதன் வளர்ச்சிக்குப் பெரிதும் உழைத்தவர். டல்லஸ் விபத்துக்குப் பின்னரே பெரிய பயணி விமானங்களில் அக்கருவி கட்டாயம் இருக்க வேண்டும் என அமெரிக்க அரசு ஆணையிட்டது. நாளடைவில் பிற நாடுகளும் அதனைக் கைக்கொண்டன. 'மேலேறு, மேலேறு' என அக்கருவி எழுப்பும் குரலால் உயிர் தப்பியவர் பலர்.

ஆயினும் கருவி ஒன்றே போதுமானதன்று. 1988 அக்டோபர் 19 அன்று, பம்பாயிலிருந்து ஆமதாபாத்துக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், காலை வேளையில் பார்வை மங்கிய நிலையில் இறங்க முயன்று, ஓடுபாதையை அடையுமுன்னரே விழுந்தது. 135 பேரில் 133 பேர் மாண்டனர். பாலத்து விபத்து நடந்து 15 ஆண்டுகள் கழிந்த பின்னும் அதே பிழை. நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் 1990 பிப்ரவரி 14 அன்று நேர்ந்த விபத்தும் உங்களில் மூத்தோர்க்கு நினைவிருக்கும். அதில் 92 பேர் மாண்டனர். ஆனால் அது தெளிந்த வானில் நேர்ந்ததாதலின் அதனை இவ்வரிசையிற் சேர்க்கவில்லை.

அண்மைக் காலத்தில் நிகழ்ந்த ஒன்று, வெளியூரிற் பிழைக்கும் நம்மைப் போன்றோர் நெஞ்சை நேரே தாக்குவது. 2020 ஆகஸ்டு 7 அன்று, கொரோனாக் காலத்தில், துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கு வந்த விமானம் அது. வேலை இழந்தவரும், விடுமுறை கிடைத்தவரும், குழந்தைகளை அழைத்துக்கொண்டு வந்தவருமாக அனைவரும் வீடு திரும்பும் மக்கள். மலைமேல் அமைந்த நிலையம், கொட்டும் மழை. முதன்முறை இறங்க முயன்று, இயலாது மேலே ஏறி, மறுமுறை இறங்கியபோது, விமானம் ஓடுபாதையில் நெடுந்தூரம் கடந்த பின்னரே தரையைத் தொட்டது. பாதையின் எல்லையையும் தாண்டிச் சரிவில் விழுந்து பிளந்தது. 190 பேரில் விமானிகள் இருவர் உட்பட 21 பேர் மாண்டனர். அவ்விமானத்தின் தலைமை விமானி மறுநாட் காலையிலும் கோழிக்கோட்டிலிருந்து பணிக்குச் செல்ல வேண்டியிருந்தது. எப்படியும் அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணத்துக்கு அதுவும் காரணமாகியிருக்கக்கூடும் என விசாரணை அறிக்கை கூறிற்று.

'எப்படியும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்' என்னும் எண்ணத்தைத்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். புயலும் மழையும் பனியும் மனிதன் தோன்றிய நாள் முதல் இருப்பவை. அவை வரும்போது நின்றுவிடுபவனை அவை ஒன்றும் செய்வதில்லை. இலக்கு அருகில் வந்துவிட்டது என்னும் நிலையில், நிற்க மனம் வராமையே கேட்டுக்கு வித்தாகின்றது. ஆயிரம் மைலுக்கு மேற் பறந்து வந்தவனுக்குக் கடைசி ஒரு மைலைத் துறப்பது எளிதன்று.

ஆதலால்தான், இறங்காமல் மேலே ஏறிவிடும் விமானியை எவரும் குறை கூறுதல் ஆகாது என்பது இன்று விமானத் துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறியாக இருக்கின்றது. வேறோர் ஊருக்குத் திரும்பிச் செல்வதற்கும், அங்கே சற்று வட்டமிட்டுக் காத்திருப்பதற்கும் வேண்டிய எரிபொருளையும் சேர்த்து நிரப்பிக்கொண்டே விமானம் புறப்பட வேண்டும் என்பதும் விதி. டில்லியில் இறங்க இயலாவிட்டால் ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ போய்விடலாம். பயணிகள் முணுமுணுப்பார்கள், நிறுவனத்துக்குச் செலவாகும், ஆனால் மறுநாள் அனைவரும் வீட்டில் இருப்பார்கள். முன்னாளில் பாலம் எனப்பட்ட அதே டில்லி நிலையத்தில், இன்று 50 மீட்டர் மட்டுமே பார்வை தெரியும் மூடுபனியிலும், உரிய கருவியும் பயிற்சியும் உடையோர் இறங்க முடிகின்றது. அத்தகைய இடத்திலும், இன்ன அளவுக்குக் கீழே இறங்கலாகாது என்னும் எல்லை இருக்கவே இருக்கின்றது.

நிற்க. இனி அன்பரின் கேள்விக்கு வருவோம். தண்டவாளம் இருக்கும்போது பனி பெய்தால் என்ன என்று அவர் கேட்டார் அல்லவா?

தண்டவாளம் வண்டியைத் தாங்கும். எதிரே என்ன இருக்கின்றது என்று அது சொல்லாது. அதைச் சொல்வது கைகாட்டி, இந்நாளில் விளக்கு. அது ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நிலையத்தில் 180 மீட்டர் தூரத்தில் ஒரு பொருளைக் குறித்து வைத்திருப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியவில்லையானால் மூடுபனிக்குரிய விதிகள் நடைமுறைக்கு வந்துவிடும். அப்போது ஸ்டேஷன் மாஸ்டர் ஆளை அனுப்புவார். அவர் இருளிலும் குளிரிலும் நடந்து போய், வண்டி முதலிற் காணவேண்டிய விளக்குக்கு 270 மீட்டர் முன்னதாக, தண்டவாளத்தின்மேல் இரண்டு வெடிகளைப் பொருத்துவார். சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும். கண்ணால் அறிய வேண்டியதை ஓட்டுநர் காதால் அறிந்து, விளக்கு அருகில் இருக்கின்றது என எச்சரிக்கை அடைவார். எதிரில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகின்றதோ, அவ்வளவு தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே அவர் வண்டியைச் செலுத்த வேண்டும். அன்பர் சென்ற வண்டி ஊர்ந்து சென்றதன் காரணம் இதுவே.

விமானியைவிட ரயில் ஓட்டுநர் ஒரு வகையிற் கொடுத்துவைத்தவர். தெரியாதபோது அவர் வண்டியை நிறுத்திவிடலாம். வானில் விமானத்தை நிறுத்த இயலாது. ஆயினும் இருவருக்கும் உரிய விதியின் உட்பொருள் ஒன்றே: தெரியாததைத் தெரிந்ததாக எண்ணிக்கொண்டு முன்னே போகாதே.

நாமும் இதிற் கற்க வேண்டியது உண்டு. பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்தவர் நாம். ஊரில் நல்லது என்றாலும் கெட்டது என்றாலும், ஓடிப்போய் நிற்க வேண்டும் என்னும் தவிப்பு நமக்கு மிகுதி. தொலைபேசியிற் செய்தி வந்த உடனே வாடகைக் கார் பிடித்து, இரவோடிரவாகக் கிருஷ்ணகிரிச் சாலையில் விரைகின்றோம். 'சீக்கிரம், தம்பி, சீக்கிரம்' என்று தூக்கமில்லாத ஓட்டுநரை விரட்டுகின்றோம். ஊரில் உள்ளவரோ, 'எங்கே வருகிறாய்? இன்னும் எவ்வளவு நேரம்?' என்று பத்து நிமிடத்துக்கொரு முறை கேட்கின்றனர். எல்லாரும் அன்பினால்தான் செய்கின்றோம். அவ்வன்பே ஓட்டுபவன் கண்ணை மறைக்கும் புழுதியாகிவிடக் கூடாது. மழையும் பனியும் கண்டால் 'நிறுத்து தம்பி, விடிந்து போகலாம்' என்று சொல்லும் உரிமை வண்டியில் இருப்பவர்க்கு உண்டு. 'மெல்ல வா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் கடமை வீட்டில் இருப்பவர்க்கு உண்டு.

இவ்வளவும் எழுதி முடித்தபின், அச்சுக்கு அனுப்புமுன், அன்பரை அழைத்துப் படித்துக் காட்டினேன். அவர் செய்தியை எழுதுவதற்கு அவர் இசைவு வேண்டும் அன்றோ? நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பிறகு, "அன்று அந்த வண்டியில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?" என்று கேட்டார். ஆயிரம் பேருக்குக் குறையாது என்றேன். தலையசைத்தார். "பேர் போடாமல் எழுதுங்கள்" என்று சொல்லி எழுந்தார். வாயிற்படி வரை சென்றவர் திரும்பி, "ஆனாலும் அம்மாவைப் பார்க்கவில்லையே, ஐயா" என்றார்.

அதற்கு என்னிடம் விடையில்லை. அவர் இழப்பு இழப்பேதான். விதியின் சிறப்பைச் சொல்லி அதனைக் குறைக்க முடியாது. ஆனால் அன்று வண்டியை மெல்லச் செலுத்திய ஓட்டுநர் மீதும், பனியில் நடந்து போய்க் காவல் நின்றவர் மீதும் அவருக்கிருந்த சினம் தணிந்திருக்கின்றது என்பதை அவர் முகத்திற் கண்டேன். பாலத்தில் அன்றிரவு மாண்ட 48 பேரின் வீட்டாரும், விமானம் ஒரு நாள் தாமதமாக வந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள் என்பதை எண்ணும்போது, தாமதத்தின் அருமை நமக்கு விளங்கும்.

அடுத்த திங்கள், விட்ட இடத்திலிருந்து பிள்ளைகளின் தமிழ்க் கல்வியைத் தொடர்வோம். அனைவரும் நலமாகப் போய், நலமாக வருக.